உலோக நுரையை வேகமாக நசுக்கும் சோதனை: எந்த முகத்தில் அளக்கிறீர்கள்?

ஒரே வார்ப்பிலிருந்து வெட்டிய இரண்டு அலுமினிய நுரைக் கட்டிகளை (உள்ளெல்லாம் கண்ணறைகள், அதாவது சிறு குமிழ் அறைகள், நிறைந்த உலோகம்) விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் நசுக்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மோதும் முகத்தில் விசையை அளந்தால், மெதுவான சோதனையில் வந்ததைப்போல மூன்றரை மடங்கு தகைவு (பரப்பலகுக்கான விசை) காட்டும். மற்றொன்றில் எதிர்முகத்தில் அளந்தால் ஏறக்குறைய பழைய எண்ணே வரும். இரண்டு அளவீடுமே சரிதான். முதலாவதை மட்டும் பார்த்தவர் "வேகம் கூடினால் நுரை வலுவாகிறது" என்று எழுதுவார், இரண்டாவதை மட்டும் பார்த்தவர் "வேகத்தால் எந்த மாற்றமும் இல்லை" என்று எழுதுவார். ஆய்வுக் கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் பல ஆண்டுகள் ஓடியது. சோதனையைத் திட்டமிடும்போதே இதைத் தீர்த்துவிட்டால் பின்னால் வரும் பாதித் தலைவலி இல்லை.

முதலில் மெதுவான வளைவு

வேகச் சோதனைக்குப் போகும் முன் அதே தொகுதியிலிருந்து ஐந்து மாதிரிகளையாவது மெதுவாக அழுத்திப் பாருங்கள். நுரை உலோகங்களை அழுத்திச் சோதிப்பதற்கான தரநிலையான ஐஎஸ்ஓ 13314 (2011) சொல்லும் திரிபு வீதத்தை (உயரத்தில் எத்தனை பங்கு சுருங்கியது என்பது திரிபு, அது கூடும் வேகம் திரிபு வீதம்) 50 மி.மீ. உயர மாதிரிக்குக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 3 முதல் 30 மி.மீ. வரும். வளைவு மூன்று கட்டமாக இருக்கும்: தொடக்கத்தில் ஒரு செங்குத்தான ஏற்றம், பிறகு கண்ணறைகள் வரிசை வரிசையாகச் சரியும் நீண்ட சமதளம், கடைசியில் சுவர்கள் ஒன்றோடொன்று முட்டியதும் திடீர் ஏற்றம்.

இதிலிருந்து இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று பிளேட்டோ தகைவு, அதாவது சமதளத்தின் தகைவு: 20 முதல் 30 சதவீதத் திரிபுக்கு இடையிலான சராசரி (40 வரை எடுப்பதும் உண்டு). மற்றது அடர்வுத் திரிபு, அதாவது கண்ணறைகள் நசுங்கித் தீர்ந்து வளைவு நிமிரும் திரிபு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கிப்சன்–ஆஷ்பி சூத்திரம், 1-லிருந்து சார்பு அடர்த்தியின் (நுரையின் அடர்த்தி ÷ திட உலோகத்தின் அடர்த்தி) 1.4 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. கன மீட்டருக்கு 250 கி.கி. அடர்த்தியுள்ள அலுமினிய நுரைக்கு அது 0.87 தரும். ஆனால் சுவர்கள் முட்டத் தொடங்கி வளைவு நிமிர்வது 0.6, 0.65 வாக்கிலேயே நடந்துவிடும். ஆகவே சூத்திரத்தை விட்டுவிட்டு வளைவிலிருந்தே எடுங்கள்: ஒவ்வொரு திரிபிலும் அதுவரையான வளைவின் பரப்பை அந்தப் புள்ளியின் தகைவால் வகுத்து வரைந்தால், அந்தக் கோடு உச்சம் தொடும் இடமே அடர்வுத் திரிபு. கண்ணால் பார்த்துக் கோடு போட்டு எடுத்தால் ஆளுக்கொரு எண் வரும்.

சோதனைக்கு முன் ஒரு தாள் கணக்கு

வேகமாக மோதும்போது நுரை ஒரே சீராக நசுங்காது. மோதும் முகத்தை ஒட்டிய வரிசை முதலில் முழுதாக நசுங்கும், பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. நசுங்கிய பகுதிக்கும் நசுங்காத பகுதிக்கும் நடுவே ஒரு கூர்மையான எல்லை அதிர்ச்சி அலைபோல ஓடும். எல்லைக்கு முன்னால் தகைவு வெறும் பிளேட்டோ அளவுதான். பின்னால், ஒவ்வொரு வரிசையையும் சட்டென வேகமூட்டத் தேவையான உந்தமும் சேர்ந்துகொள்கிறது. ரீட், பெங் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் மரக்கட்டைகளை நசுக்கிப் பார்த்து எழுதிய உறவு இதுதான் (ஆம், மரமும் கண்ணறைப் பொருள்தானே):

மோதும் முகத் தகைவு = பிளேட்டோ தகைவு + (அடர்த்தி × வேகம்² ÷ அடர்வுத் திரிபு)

அடர்த்தி 250, பிளேட்டோ 1.5 மெகாபாஸ்கல், அடர்வுத் திரிபு 0.65 என்று போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 10 மீட்டரில் கூடுதல் வெறும் 0.04 மெகாபாஸ்கல், 20 மீட்டரில் 0.15, 50 மீட்டரில் 0.96, 100 மீட்டரில் 3.85. வேகத்தின் வர்க்கம் என்பதால் 20 வரை தூங்கிக்கொண்டிருந்த உறுப்பு 50-ஐத் தாண்டியதும் எழுந்துவிடுகிறது. கூடுதல் பிளேட்டோவின் பத்தில் ஒரு பங்கைத் தொடும் வேகத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த நுரைக்கு அது விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர். அதற்குக் கீழே டிராப் டவர் (உயரத்திலிருந்து எடையை மாதிரிமேல் விழவிடும் கருவி) போதும், இரு முகத்திலும் ஒரே விசைதான் இருக்கும். அதற்கு மேலே எந்த முகம் என்று சொல்லாத எண்ணுக்குப் பொருள் இல்லை.

இன்னொரு பொறி ஆற்றலில் இருக்கிறது. மோதும் முகத் தகைவை அடர்வுத் திரிபால் பெருக்கி "நுரை உறிஞ்சிய ஆற்றல்" என்று எழுதக் கூடாது. அதில் நசுங்கிய பகுதி பெற்ற இயக்க ஆற்றலும் இருக்கிறது. ஒரு கன மீட்டர் உண்மையில் செரித்தது, பிளேட்டோ × அடர்வுத் திரிபு + ½ × அடர்த்தி × வேகம்² மட்டுமே. 100 மீட்டரில் முதல் கணக்கு 3.5 மெகாஜூல் காட்டும், சரியானது 2.2.

மாதிரியை வெட்டுவது

பேண்ட்சா (பட்டை ரம்பம்) வேண்டாம். பல் பட்ட இடமெல்லாம் சுவர் மடிந்து, முதல் வரிசை ஏற்கெனவே பாதி நசுங்கிய நிலையில் இருக்கும். வளைவின் தொடக்கம் சாய்ந்து, நெகிழ்ச்சி எண் பாதியாகத் தெரியும். வயர்கட்டில் (மின்பொறியால் அரித்து வெட்டும் மெல்லிய கம்பி) வெட்டுங்கள். வெற்றிடமும் உலோகமும் மாறி மாறி வருவதால் வயர் அறுந்துகொண்டே இருக்கும். ஊட்டு வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். கண்ணறை விட்டம் 4 மி.மீ. என்றால் பக்கம் 40 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 50 நல்லது. இரு முகங்களும் 0.1 மி.மீ.க்குள் இணையாக இருக்கட்டும்.

வயர்கட் தொட்டியிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே தராசில் வைக்காதீர்கள். 50 மி.மீ. கனசதுரத்தின் எடை ஏறத்தாழ 31 கிராம்தான். வெட்டுப்பட்ட கண்ணறைகளில் 2 மி.லி. தண்ணீர் தங்கினாலே அடர்த்தி 6 சதவீதம் கூடித் தெரியும். வலிமை அடர்த்தியின் ஒன்றரை அடுக்கில் போவதால் அந்தப் பிழை 10 சதவீதமாக வீங்கும். இளஞ்சூட்டு அடுப்பில் வைத்து, இரண்டு முறை எடுத்த எடை ஒன்றாக வரும்வரை காயவிடுங்கள்.

ஒரே பலகையிலேயே அடிப்பக்கம் கனமாகவும் மேல்பக்கம் இலேசாகவும் இருப்பது சாதாரணம், உருகிய உலோகம் உறைவதற்குள் வடிந்துவிடும். எனவே ஒவ்வொரு கட்டியிலும் எந்த இடத்தில் வெட்டியது, எந்தப் பக்கம் மேல் என்று மார்க்கரால் எழுதுங்கள். எடை வாரியாக அடுக்கி, ஏறக்குறைய சம எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிராப் டவரில்

50 மி.மீ. கனசதுரம், 1.5 மெகாபாஸ்கல் என்றால் பிளேட்டோ விசை 3,750 நியூட்டன். 30 மி.மீ. நசுக்க 112 ஜூல் வேண்டும். 3 மீட்டரிலிருந்து விழும் எடை 7.7 மீ/வி வேகத்தில் வந்து சேரும், 3.8 கி.கி. போதும் என்று கணக்கு சொல்லும். அந்த எடையைப் போட்டால் நசுக்கி முடியும்போது வேகம் சுழியாகிவிடும், அதாவது ஒரே சோதனையில் எல்லா வேகமும் கலந்துவிடும். 12 கி.கி. போடுங்கள். 353 ஜூலில் 112 போனாலும் வேகம் 6.3-க்குத்தான் இறங்கும்.

மிஞ்சும் 240 ஜூல் எங்கே போகும் என்பதையும் யோசித்துவிடுங்கள். யோசிக்காவிட்டால் அது லோடு செல்லுக்குள் (விசையை அளக்கும் உணரி) போகும். மாதிரியைச் சுற்றி 20 மி.மீ. உயரத்தில் நிற்கும் தடுப்புத் துண்டுகளை அடித்தட்டின்மேல் நேரடியாக வையுங்கள், லோடு செல்லின் தட்டின்மேல் அல்ல. மொத்த உருக்குத் துண்டாக இல்லாமல் மேலே முன்கூட்டியே நசுக்கிய தேன்கூட்டுத் துண்டு (மெல்லிய உலோகத் தகட்டால் தேன்கூடுபோலக் கண்கள் வைத்துச் செய்தது) ஒட்டிவைத்தால் டவரின் வழிகாட்டித் தண்டுகளும் பிழைக்கும்.

லோடு செல் மாதிரிக்கு அடியில் இருக்கட்டும். விழும் எடையில் முடுக்கமானியை மட்டும் ஒட்டினால், அது அந்த எடையின் சொந்த அதிர்வையும் சேர்த்துப் பாடும். நிறுவியதும் முதல் வேலை தட்டிப் பார்ப்பது: லோடு செல் தட்டைச் சிறு சுத்தியலால் தட்டி, அது எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்று பதியுங்கள். 3 கிலோஹெர்ட்ஸ் என்றால் வளைவில் 0.33 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும் மேடுபள்ளம் கருவியுடையது. 4 மி.மீ. கண்ணறை வரிசை ஒவ்வொன்றாகச் சரிவதும் இந்த வேகத்தில் 0.5 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான். இரண்டையும் பிரித்தறியாதவர் கருவியின் நடுக்கத்தைக் "கண்ணறைச் சரிவு" என்று விளக்கிக்கொண்டிருப்பார்.

வடிகட்டும்போதும் கவனம் வேண்டும். வாகன மோதல் சோதனைப் பழக்கத்தில் சிஎஃப்சி 1000 வடிகட்டி போடுகிறார்கள். அதன் வெட்டு அதிர்வெண் 1,650 ஹெர்ட்ஸ். அப்படியானால் 0.2 மில்லிவிநாடிக்குக் குறைந்த ஏற்றம் எதுவும் மழுங்கிவிடும். 7.7 மீ/வி வேகத்தில் அது 1.6 மி.மீ., அதாவது 3 சதவீதத் திரிபு. தொடக்க உச்சம் மொத்தமும் அந்த 3 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. பிளேட்டோவுக்கு வடிகட்டிய வளைவு, உச்சத்துக்கு வடிகட்டாத வளைவு என்று இரண்டையும் வையுங்கள்.

இடப்பெயர்ச்சிக்கு வேகக் கேமராவை நம்புங்கள். முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் சிறு பிழையும் வளர்ந்துகொண்டே போகும். விநாடிக்கு 10,000 படம் என்றால் படத்துக்குப் படம் 0.8 மி.மீ. நகர்வு, இந்த வேலைக்குத் தாராளம்.

ஹாப்கின்சன் பட்டையில்

20 மீ/விக்கு மேலே டவர் உதவாது. வாயுத் துப்பாக்கியும் ஹாப்கின்சன் பட்டையும் வேண்டும் (மோதலின் அலை ஓடும் நீண்ட தண்டு, அதன்மேல் ஒட்டிய ஸ்ட்ரெய்ன் கேஜ் எனும் திரிபு உணரியால் விசையை அளப்பது). இரண்டு பட்டைகளுக்கு நடுவே மாதிரியை வைக்கும் வழக்கமான முறை, மாதிரிக்குள் தகைவு சமநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அதிர்ச்சி எல்லை ஓடும் நுரையில் அந்தச் சமநிலையே கிடையாது. ஆகவே ஒரே பட்டையை வைத்து இரு விதமாகச் செய்யுங்கள்.

நுரையை எறியும் முறையில், பின்னால் ஓர் எடை சேர்த்த நுரையைச் சுட்டுப் பட்டைமேல் மோதவிடுகிறோம். பட்டை காட்டுவது மோதும் முகத் தகைவு. நுரையை நிறுத்தி அடிக்கும் முறையில், பட்டை முனையில் நுரையை வைத்து எதிர்ப்பக்கம் எடையால் அடிக்கிறோம். பட்டை காட்டுவது எதிர்முகத் தகைவு. ஒரே கட்டியை இருமுறை நசுக்க முடியாது. முன்பு சேர்த்துவைத்த சம எடை ஜோடிகள் இங்கேதான் பயன்படும்: ஒன்றை எறியுங்கள், இன்னொன்றை அடியுங்கள். பட்டைக்குத் தகுந்தபடி உருளையாக வெட்ட வேண்டியிருந்தால் ஜோடியை வெட்டிய பிறகு மறுபடி எடைபோட்டுச் சரிபாருங்கள்.

பட்டை எந்த உலோகம்? 40 மி.மீ. விட்டத்தில் பட்டையும் நுரையும் ஒரே பரப்பு என்றால், 1.5 மெகாபாஸ்கல் உருக்குப் பட்டையில் உண்டாக்கும் திரிபு 7.5 மைக்ரோதிரிபு (ஒரு மைக்ரோதிரிபு என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு). மின் இரைச்சலே சில மைக்ரோதிரிபு இருக்கும். மக்னீசியம் பட்டையில் 33 கிடைக்கும். அக்ரிலிக்கில் 270 வரை வரும். ஆனால் அலை போகப் போகத் தேய்ந்து பரவும், அதைத் திருத்தாமல் எழுதிய எண் செல்லாது. மக்னீசியமோ, உருக்கில் குறைகடத்தி ஸ்ட்ரெய்ன் கேஜோ நல்ல தேர்வு. குறைகடத்தி கேஜின் உணர்திறன் சாதாரணக் கேஜைப்போல 50 மடங்குக்கு மேல். வெப்பநிலைக்கு ஆடும் என்பதால் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் முன்பு சுழியைச் சரிபாருங்கள்.

பட்டையின் நீளமும் முக்கியம். 2 மீட்டர் உருக்குப் பட்டையில் முனையிலிருந்து 0.3 மீட்டரில் கேஜ் ஒட்டினால், மறுமுனையில் எதிரொலித்து வரும் அலை 0.67 மில்லிவிநாடியில் திரும்பிவிடும். 50 மி.மீ. நுரையை 50 மீ/வியில் அடர்வுவரை நசுக்க 0.65 மில்லிவிநாடி ஆகும், மயிரிழையில் தப்பும். 20 மீ/வி என்றால் 1.6 மில்லிவிநாடி, பாதிக்கு மேல் எதிரொலியைத்தான் அளப்பீர்கள். மாதிரியைக் குட்டையாக்கினால் கண்ணறை வரிசைகள் குறைந்துபோகும். பட்டையை நீளமாக்குவதே வழி.

எறியும் முறையில் பின்னெடை உணர்வது பிளேட்டோ விசையை மட்டும்தான். 40 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளமுள்ள நுரை 100 மீ/வியில் போனால், 100 கிராம் பின்னெடையின் 500 ஜூலில் ஏறத்தாழ 60 மட்டுமே கழியும், வேகம் 94 வாக்கில் நிற்கும். அடிக்கும் முறையில் அதே எடை முழு மோதும் முகத் தகைவையும் தள்ள வேண்டும். 200 ஜூலை ஒட்டிப் போய்விடும், வேகமும் நன்றாகவே விழும். இரண்டு சோதனையையும் ஒரே தொடக்க வேகத்தில் ஒப்பிட்டுவிட்டு "பொருந்தவில்லை" என்று தலையைச் சொறிவதற்குப் பாதிக் காரணம் இது. அடிக்கும் முறைக்கு எடையைக் கூட்டுங்கள். எறியும் முறையில் பட்டையைச் சுற்றி ஒரு தடுப்பு வளையம் கட்டாயம். நுரை முழுதும் நசுங்கியபின் அந்த 94 மீ/வி பட்டை முனையைத் தட்டையாக்கிவிடும்.

தேன்கூடு வேறு கதை

வாகன மோதல் சோதனையில் கார் மோதும், அலுமினியத் தேன்கூட்டாலான நசுங்கும் தடுப்பை எடுத்துக்கொள்வோம். ஐ.நா.வின் 94-ஆம் வாகன விதி, மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் இதைப் பயன்படுத்துகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய, இந்தியாவின் கார் பாதுகாப்புத் தரமதிப்பீடான பாரத் என்சிஏபி 64 கி.மீ. வேகத்தில். முதன்மைக் கட்டி 3003 அலுமினியம், தகடு 0.076 மி.மீ., கண் அகலம் ஏறத்தாழ 19 மி.மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 28.6 கி.கி., நசுங்கும் வலிமை 0.342 மெகாபாஸ்கல். நசுங்கும் வலிமைக்கு ஆய்வாளர் வியர்ஸ்பிக்கி 1983-இல் தந்த சூத்திரம்: 16.56 × தகட்டின் வலிமை × (தடிமன் ÷ கண் அகலம்)^(5/3), அடுக்கு அடைப்புக்குள் இருப்பதற்கு மட்டும். தகட்டுக்கு 200 மெகாபாஸ்கல் போட்டால் 0.33 வருகிறது. அதே தடுப்பின் பம்பர் பகுதிக்குப் போட்டால், கண் 6.4 மி.மீ., விடை 2.05. விதி கேட்பது 1.711. சூத்திரத்தைத் தொடக்கத்துக்கு மட்டும் நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

64 கி.மீ. என்பது 17.8 மீ/வி. மேலே சொன்ன நிலைமக் கூடுதல், அடர்வுத் திரிபை 0.75 என்று வைத்தால், 0.012 மெகாபாஸ்கல், வெறும் 3.5 சதவீதம். இங்கே வில்லன் காற்று. இரு பக்கமும் தகடு ஒட்டி மூடிய கூட்டைப் பாதியாக நசுக்கினால் உள்ளே அடைபட்ட காற்று 0.1 மெகாபாஸ்கல் எதிர்விசை தரும், கட்டியின் வலிமையில் கிட்டத்தட்ட 30 சதவீதம். வேகமாக நசுக்கும்போது காற்று சூடாவதால், கசிவே இல்லாவிட்டால், 0.17 வரைகூடப் போகலாம். ஆகவே மாதிரி சோதிக்கும்போது முகத்தகட்டில் துளை உண்டா, அடித்தட்டோடு இடைவெளி உண்டா என்று பார்த்து எழுதுங்கள். மெதுவான சோதனையில் காற்று நிதானமாகக் கசிந்து போய்விடும். வித்தியாசம் அங்கே தெரியவே தெரியாது. அப்போலோ நிலா இறங்குகலத்தின் கால்களிலும் அலுமினியத் தேன்கூடுதான் மோதலை வாங்கியது. அவர்களுக்கு இந்தக் காற்றுத் தொல்லை இல்லை.

தேன்கூட்டின் மெல்லிய சுவர் நேராக நின்று, சட்டென மடிவது. மடியத் தொடங்கச் சுவர் பக்கவாட்டில் நகர வேண்டும். வேகமாக அடித்தால் அதற்கு நேரம் போதாது, சுவரின் நிலைமம் தாக்குப்பிடித்துத் தொடக்க உச்சத்தை உயர்த்தும். காலடைன், இங்கிலீஷ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் பிரித்துக் காட்டிய இரண்டாம் வகைக் கட்டமைப்பு இது. மெதுவாக அழுத்தினாலே உச்சம் சராசரியின் இரண்டு மடங்கைத் தாண்டலாம். அந்த உச்சம் வேண்டாம் என்றால் முகத்தைச் சில மி.மீ. முன்கூட்டியே நசுக்கி வையுங்கள், சீராக, முழு அகலத்துக்கும். ஓரத்தில் மட்டும் நசுக்கினால் கட்டி சாய்ந்துகொண்டு நசுங்கும்.

கண்களுக்குக் குறுக்காக நசுக்கினால் சரியும் பட்டைகளின் வடிவமே வேகத்தைச் சொல்லிவிடும்: மெதுவாக என்றால் குறுக்கு மறுக்காக, நடுத்தர வேகத்தில் கூம்புபோல, அதிவேகத்தில் மோதும் முகத்துக்கு இணையாக நேர் வரிசை. கேமராப் படத்தைப் பார்த்தே எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று சொல்லலாம்.

கணினி மாதிரியில் ஊட்டும்போது

மோதல் கணிப்பு மென்பொருளான எல்எஸ்-டைனாவிலோ வேறெதிலோ நுரைக்கான தகைவு–திரிபு வளைவைத் திரிபு வீதம் வாரியாகக் கேட்கும். மோதும் முகத்தில் அளந்த வளைவை அங்கே கொடுத்துவிடாதீர்கள். மென்பொருளில் ஒவ்வொரு துண்டுக்கும் நிறை ஏற்கெனவே இருக்கிறது; நிலைமத்தை அது தானே கணக்கிடும். நீங்களும் வளைவில் சேர்த்துக் கொடுத்தால் இருமுறை எண்ணியதாகும். மெதுவான வளைவு, அல்லது எதிர்முக வளைவு, அவ்வளவுதான். உருக்கால் செய்த நுரை என்றால் மட்டும் உலோகத்தின் சொந்த வீத உணர்வைத் தனியாகச் சேருங்கள்: திரிபு வீதத்தோடு வலிமை எவ்வளவு கூடும் என்று சொல்லும் கௌப்பர்–சைமண்ட்ஸ் சூத்திரத்தில் மென்னுருக்குக்கு வழக்கமாகப் போடும் எண்கள் (40.4, 5) விநாடிக்கு 150 என்ற வீதத்தில் வலிமையை 2.3 மடங்காக்கும், அது விட்டுவிடக்கூடியதல்ல.

கணினி மாதிரி தயாரானதும் எறியும் சோதனை, அடிக்கும் சோதனை இரண்டையும் அதில் ஓட்டி, இரு முகத்து விசையையும் அளவீட்டோடு ஒப்பிடுங்கள். எதிர்முகம் பொருந்தி மோதும் முகம் மட்டும் மிகையாக வந்தால், இருமுறை எண்ணலைத் தேடுங்கள். இரண்டுமே ஒரே விகிதத்தில் தவறினால், பெரும்பாலும் அடர்த்தி தவறு: அந்தக் கட்டி சரியாகக் காயவில்லை.